ஊர்சுற்றப் போன மணம்

பட்டைத் தைலத்தை விட்டு மணம் மட்டும் தனியாக இறங்கி ஊருக்குள் நடந்து போன காலையில், அந்தத் தைலத்தை இறக்கிய நேசையன் வாய்க்கால் கரையில் செம்புச் சட்டியைக் குப்புறப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அது அவரைத் தாண்டித்தான் போனது. அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு மூக்கு கிடையாது. முகத்தில் இருக்கிற மூக்கு இருந்தது, நல்ல பெரிய மூக்கு, கண்ணாடி வழுக்காமல் நிற்கும். மணம் பிடிக்கிற வேலையை மட்டும் அது பல வருஷங்களுக்கு முன் ஒரு விஷக்காய்ச்சலோடு விட்டுவிட்டது.

ஊர் கருவாவிளை. மலையடிவாரம். வீட்டுக்கு நாலு கருவா மரமாவது நிற்கும். கருவாப்பட்டை என்று அங்கே சொல்வதைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் பிரியாணியிலிருந்து பொறுக்கி இலையோரம் ஒதுக்கிவைக்கிறார்கள். போகட்டும். மழை பெய்து, செக்கச் செவேலென்று துளிர்த்த இலை பச்சைக்குத் திரும்புகிற சமயம் பார்த்துக் கொம்பை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, உள்பட்டையை உரித்து, நொறுக்கி, ஊறப்போட்டு, வாலை என்கிற செம்புப் பானையில் ஏற்றி, மூடியைச் சுற்றி மாவு அப்பி அடைத்துத் தீ மூட்டினால், ஆவி குழாய்க்குள் ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குள் வளைந்து குளிர்ந்து, பால் நிறத்தில் சொட்டும். அந்தப் பாலுக்கு அடியில் போய் உட்காருவதுதான் தைலம். மற்ற எண்ணெய் எல்லாம் தண்ணீரில் மிதக்கும். இது மூழ்கும். மூழ்கவில்லை என்றால் யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள்.

நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தால் முதலில் இனிக்கும், பிறகு எரியும், பிறகு கொஞ்ச நேரத்துக்கு நாக்கு இருக்கிற இடம் தெரியாது. பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைப்பார்கள். தேங்காய் எண்ணெயில் கலந்து முட்டில் தேய்த்தால் சூடு இறங்கும். கலக்காமல் தேய்த்தால் தோல் இறங்கும். எறும்புக்கு இதன் மணம் ஆகவே ஆகாது. ஒரு சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி முழ தூரம் விட்டுத்தான் வரிசை போகும்.

நேசையன் இந்தக் குணங்களை வைத்தே தொழிலை ஓட்டினார். மூழ்குகிறதா, எரிகிறதா, தேன் நிறமா, அவ்வளவுதான். மணத்துக்கு மட்டும் பெண்சாதி ரெத்தினபாய். அவள் வந்து குப்பிமேல் குனிந்து "ம்" என்பாள். அவர் தக்கை போடுவார். அவள் "ம்" என்று சொல்லாத தைலத்தை அப்படியே வாய்க்காலில் கொட்டுவார், ஏன் என்றுகூடக் கேட்கமாட்டார்.

தக்கை போடுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. கருவாவிளையில் எதையும், யாரையும் "போ" என்று சொல்லி அனுப்பமாட்டார்கள். சந்தைக்குக் கொண்டுபோகும் ஆட்டிடம்கூட "போயிட்டு வா" என்றுதான் சொல்வார்கள். ஆடு என்ன நினைக்கும் என்பது வேறு விஷயம். அதேபோல் குப்பிக்குள் இருக்கிற மணத்திடமும் "போயிட்டு வா" என்று சொல்லித்தான் அடைக்கவேண்டும். அது எங்கெங்கோ போய், யார் யார் முட்டிலோ தேய்ந்து, அடுத்த மழைக்கு மறுபடியும் இந்த ஊர் மரத்துப் பட்டைக்கு வந்துசேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அன்றைக்கு வாலையின் சூடு நேசையன் புறங்கையில் நன்றாகப் பட்டுவிட்டது. கையை உதறிக்கொண்டிருந்தவரிடம் ரெத்தினபாய், "சொல்லுங்க, அடைக்கணும்" என்றாள்.

"வருஷக்கணக்கா சொல்லிட்டுத்தான் கெடக்கேன். ஒருநாளாவது என் மொகத்துல முழிச்சிருக்கா அது? போட்டும், வரட்டும், என்னமும் செய்யட்டும்."

அது அப்படியே செய்தது.

முதலில் ஞானாபரணத்தின் டீக்கடைக்குப் போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தது. கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் தங்கள் கிளாசைப் பார்த்தார்கள், அடுத்தவன் கிளாசைப் பார்த்தார்கள், பிறகு தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அங்கிருந்து எழுந்து, கருவாட்டுக் கூடையோடு வந்த செல்லத்தாய் கூடவே வீட்டுக்கு வீடு நடந்து, அவள் கூடையைத் தொட மறுத்தவர்களையெல்லாம் தொட வைத்து, வேலித் தகராறில் பேச்சில்லாமல் கிடந்த இரண்டு ஓரகத்திகளின் வேலிமேல் ஏறிக் கொஞ்ச நேரம் குந்தி, இரண்டு பேரும் வாசனை பிடிக்க வேலிக்கு வந்து முகத்துக்கு முகம் பார்த்து "மழ வருமா?" "வந்தா வரும்" என்று பேசிக்கொண்டதும் இறங்கி, மசக்கையில் சோற்றைக் கண்டாலே ஓடிய பொன்னுமுத்து மருமகள் பக்கத்தில் இருந்து அவளை இரண்டு முறை சாப்பிட வைத்து, பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் வாய்பாடு கேட்டு, முக்கில் மினி பஸ் ஏறி அடுத்த நிறுத்தம்வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. நின்றுகொண்டு வருகிறவர்களுக்கே அவன் சரியாகக் கொடுப்பதில்லை.

யாரும் ஆச்சரியப்படவில்லை. நாள் முழுக்கக் கரண்டு இருந்தால் ஆச்சரியப்படுகிற ஊர் அது. இது ஊர் மணம், ஊரைச் சுற்றுகிறது, இதில் என்ன? அவர்களுக்கு இருந்த கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை அது சர்ச்சுக்குள் வந்து பாட்டுக்காரர்கள் நடுவில் நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலில் தீபாராதனை முடியும்வரை நின்றது. சர்ச்சைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியாருக்கும் அம்மன் கோயில் பூசாரிக்கும் டீக்கடையில் வைத்துப் பேச்சு வந்தது.

"ஞானஸ்நானம் எடுத்த கையி இறக்கின தைலம் ஓய். மணம் எங்க சபைதான்."

"மரம் எங்க அம்மனுக்க வெளாகத்து மரம். வேரு யாருக்கு, மணம் அவங்களுக்கு."

"ரெண்டு பேரும் கத்தாதீங்க," என்றார் ஞானாபரணம். "அது எந்திரிச்சுப் போயிரும்."

அது நிஜமாகவே வாசல் பக்கம் நகர்ந்தது. இரண்டு பேரும் உடனே குரலைத் தாழ்த்தி, ஞாயிறு சர்ச்சுக்கு, செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்கு, மற்ற நாள் அதன் இஷ்டம் என்று முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் சத்தமாகச் சண்டை போடவில்லை. போட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீட்டுக்காரன் ஜன்னல் வழியாகச் சிரிப்பான். எதற்கு?

இத்தனை கூத்திலும் ஒட்டாமல் இருந்தவர் நேசையன் ஒருத்தர்தான். சட்டியைக் கழுவிவிட்டு அவர் வந்தபோது ரெத்தினபாய் குப்பிமேல் குனிந்து நிமிர்ந்து, "ஆளு இல்ல" என்றாள். அவர் நம்பவில்லை. மத்தியானம் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் அடுக்கியிருந்த பட்டைமேல் எறும்பு ஏறியது. சாயங்காலம் அவர் சட்டைமேல் ஏறியது. கட்டின நாள்முதல் எறும்பு வாசல்படி மிதிக்காத வீடு அது. அப்போதுதான் நம்பினார். கிடந்த பட்டையையெல்லாம் போட்டு மறுபடி காய்ச்சிப் பார்த்தார். தேன் நிறமாக இறங்கியது, நேராக மூழ்கியது, நாக்கைப் பொசுக்கியது. ரெத்தினபாய் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

சனிக்கிழமை தாணுமாலயன் வைத்தியர் வருவார். டவுனில் வைத்தியசாலை வைத்திருக்கிறவர், நேசையனின் தைலத்தை எடுக்கிற ஒரே ஆள். தண்ணீரில் விட்டுப் பார்ப்பார், நாக்கில் வைத்துப் பார்ப்பார், கடைசியில் மூக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். மூக்கில் தோற்றால் குப்பியைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்துவிடுவார், வெளியூரிலிருந்து டின்னில் வருகிறதை வாங்கிக்கொள்வார். அப்புறம் வாலைக்குத் தீ எதற்கு? வாலைக்குத் தீ இல்லை என்றால் நேசையன் எதற்கு? அவருக்கு வேறொன்றும் தெரியாது. கொத்து வேலை தெரியாது, சீட்டாடத் தெரியாது, சும்மா இருக்கச் சுத்தமாகத் தெரியாது.

ஆகவே அதைப் பிடித்து உள்ளே போடுவது என்று முடிவு செய்தார். ஒரு கையில் குப்பியும் புனலும், தோளில் நனைத்த கோணிச்சாக்கு. மணம் இருக்கிற இடத்தில் ஈரச் சாக்கைப் போர்த்தினால் குளிர்ந்து சொட்டத்தானே வேண்டும், வாலையில் நடப்பதும் அதுதானே. யோசனை சரி. எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லவேண்டும். அதுதான் சிக்கல்.

"ஓய் ஞானாபரணம், இங்க இருக்கா?"

ஞானாபரணம் மூக்கை ஒருதரம் விரித்தார், நேசையனின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார், டீயை ஆற்றிக்கொண்டே, "இப்பத்தான் எந்திரிச்சு மேக்க போச்சு" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசுக்குள் சிரித்தார்கள்.

மேற்கே செல்லத்தாய் எதிரே வந்தாள். "கிழக்கயில்லா போச்சு அண்ணாச்சி. நீங்க எதுக்க கண்டிருக்கணுமே."

"எனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"அதும் சரிதான்," என்று கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரே குரலில், "பாட்டா, ஓட்டுக்குக் கீழ, அந்தா, மூலையில!" என்று கத்தினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சின்மேல் ஏறி, சாக்கை விரித்து, புனலைக் கூரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்து வலிக்கும்வரை நின்றார். ஸ்டெல்லா டீச்சர் சாக்பீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். இப்படியே ஆற்றங்கரை, அம்மன் கோயில், மினி பஸ் நிற்கும் முக்கு. எங்கே போனாலும் முதலில் மூக்கு விரியும், பிறகு வாய் சிரிக்கும், பிறகு கை ஒரு திசையைக் காட்டும். எந்த இரண்டு கையும் ஒரே திசையைக் காட்டவில்லை.

"ஊருக்கே கோட்டி பிடிச்சிருக்கு," என்று வீட்டுக்கு வந்து சாக்கை எறிந்தார். "ரெத்தினம், நீயாவது வா. எங்கன்னு மோந்து சொல்லு."

ரெத்தினபாய் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு ஜலதோஷம்."

"ஒனக்குமா?"

அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். ஊர் பொய் சொன்னது பரவாயில்லை. தன் மூக்கே தன்னிடம் பொய் சொல்லுகிறதே என்றுதான் அவருக்கு ஆற்றாமை. மறுபடி சாக்கை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கால் ஓய்ந்துபோனது. மணம் போன காலையிலிருந்து இன்றுவரை அவர் உட்கார்ந்ததே இல்லை. சோற்றைக்கூட நின்றபடியே தின்றுவிட்டு ஓடினவர். முற்றத்தில் பட்டை சுரண்டுகிற பலகைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். குப்பி மடியில், புனல் பக்கத்தில். ரெத்தினபாய் கடுங்காப்பியும் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் கைதவறிக் கருப்பட்டி காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்கக்கூடத் தெம்பில்லை. சாய்ப்பிலிருந்து எறும்பு வரிசை கிளம்பி வந்தது.

"வாங்க. வந்து தின்னு தொலைங்க."

வரிசை வந்தது. கருப்பட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது முன்னால் வந்த எறும்பு நின்றது. மீசையை ஆட்டியது. பின்னால் வந்தவை அதன்மேல் முட்டிக் குவிந்தன. பிறகு வரிசை இரண்டாகப் பிரிந்து, ஒன்று வலப்பக்கமும் ஒன்று இடப்பக்கமுமாக அவரைச் சுற்றிக்கொண்டு போய் முதுகுக்குப் பின்னால் சேர்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுக்களையைப் பார்த்துப் போயிற்று. கருப்பட்டி கிடந்த இடத்திலேயே கிடந்தது.

நேசையன் பலகையோடு கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். எறும்பு வளையம் அப்படியே இருந்தது. ஒரு மூச்சு நேரம் கழித்து வலப்பக்கம் நெருங்கியது, இடப்பக்கம் விலகியது. எதுவோ எழுந்து அவர் கூடவே நகர்ந்து மறுபடி காலடியில் படுத்துக்கொண்ட மாதிரி. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு இன்னொரு சொட்டும் விட்டுப் பார்க்கிறவர் அவர். திரும்ப வலப்பக்கம் நகர்ந்து பார்த்தார். திரும்பவும் அப்படியே.

"ரெத்தினம்."

அவள் வாசலில் நின்றாள்.

"இங்கயா கெடக்கு?"

அவள் இறங்கி வந்து, குப்பிமேல் குனிகிற மாதிரி அவர் காலடியில் குனிந்து, "ம்" என்றாள்.

"எப்பளேருந்து?"

"மொத நாளு ராத்திரியிலேருந்தே. ஊரெல்லாம் சுத்திட்டு இங்கதான் வந்து கெடக்கும். நீங்க புனலத் தூக்கிட்டு எறங்கின பெறகு, ஒங்க பின்னாலயேதான் நடக்கு. நீங்க மேக்க போனா அதும் மேக்க. பள்ளிக்கூடத்துல பெஞ்சுல ஏறினியளாமே? அதும் ஏறி ஒங்க தோளுல இருந்துதாம். ஸ்டெல்லா டீச்சர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா."

"சொல்லப்பிடாதா?"

"சொன்னா அடச்சுப்போடுவீங்க." அவர் ஓய்ந்த காலைப் பார்த்து, "அதும் போக, நீங்க ஒரு எடத்துல இருந்தாத்தான சொல்ல" என்றாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஊர் கூடிவிட்டது. யார் போய்ச் சொன்னார்களோ. "ஓய் நேசையா, பிடிச்சிராதேயும்!" என்று ஞானாபரணம் கெஞ்சினார். குட்டியாரும் பூசாரியும் ஒரே கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். ஈரச் சாக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்துப் போர்த்தினால் தீர்ந்தது. நாளைக்கு வைத்தியர், அதற்கப்புறம் வாலைக்குத் தீ. நேசையன் சாக்கைப் பார்த்தார், எறும்பு வளையத்தைப் பார்த்தார், சூடு பட்டுக் காயம் ஆறாத அந்தக் கையை மெதுவாக வளையத்துக்குள் இறக்கினார். உள்ளங்கையில் இளஞ்சூடு ஏறியது.

"கெட," என்றார். காப்பியைக் குடித்தார்.

சனிக்கிழமை தாணுமாலயன் வைத்தியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வேலி நிறைய ஆட்கள் நிற்பதைக் கண்டு, "என்ன வே, கல்யாணமா?" என்றார். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டார். ஆணி மாதிரி இறங்கியது. நாக்கில் வைத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கில் வைத்தார். மறுபடி வைத்தார்.

"என்ன வே இது? மணம் எங்க?"

"வெளிய போயிருக்கு."

"எங்க?"

"டீக்கடைக்காத்தான் இருக்கும். வாற நேரந்தான். இரும்."

"இருக்கவா? எனக்கு நாலு எடத்துக்குப் போணும் வே."

"நானும் அப்பிடித்தான் திரிஞ்சேன். இரும்ங்கேன்லா."

வைத்தியர் முனகிக்கொண்டே பலகையில் உட்கார்ந்தார். நேற்றைய கருப்பட்டியை நம்பி வந்த எறும்பு வேட்டிமேல் ஏறியது. கெண்டைக்காலில் கடித்தது. துள்ளி எழுந்து வேட்டியை உதறப் போனவர், எறும்பெல்லாம் தானாகவே பொலபொலவென்று இறங்கி ஓடுவதைப் பார்த்து நின்றார். பிறகுதான் மூக்கு விரிந்தது. கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை.

"இதுதான்," என்றார். "இதேதான். உள்ள போடும் வே!"

"நான் போடமாட்டேன். அது நெனச்சா போவும்."

நேசையன் குப்பியை எடுத்து, வீட்டுக் கதவைத் திறந்து பிடிக்கிற மாதிரி அதன் வாயைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். தைலம் கழுத்துவரை வந்து நின்றது. "வைத்தியரு ஒன்னத் தேடி வந்திருக்காரு," என்று காலடியைப் பார்த்துச் சொன்னார். "டவுனு பூரா முட்டுவலியாம். இஷ்டம்னா போ…"

வேலி முழுக்க "ஏய்!" என்றது. ரெத்தினபாய் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

நேசையன் நாக்கைக் கடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். இத்தனை வருஷமும் யாரோ முகம் தெரியாதவனிடம் சொல்கிற மாதிரி சொல்லிவந்ததை, இப்போது தெரிந்த ஒரு ஆளிடம் சொன்னார்.

"போயிட்டு வா."

எறும்புகள் உள்ளே வந்து கருப்பட்டிமேல் ஏறின. ரெத்தினபாய் குப்பிமேல் குனிந்து "ம்" என்றாள். அவர் தக்கையைப் போட்டார். லேசாகத்தான் போட்டார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், எனக்கும் வேலை இருக்கிறது. வைத்தியர் அதற்கப்புறம் தைலத்தைப் பற்றிக் குறை சொல்லவே இல்லை. வாரம் முழுக்க நன்றாக மணக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணக்கமாட்டேன் என்கிறது, அன்றைக்கு வைத்தியசாலை லீவு என்பதால் பாதகமில்லை என்று சொல்லி அனுப்பினார். இறக்குகிற ஒவ்வொரு குப்பிக்கும் "போயிட்டு வா" கேட்டுக்கொண்டு அது ஏறியது. வாலைக்குத் தீ அணையவில்லை. ஆனால் இதெல்லாம் அந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாது. டீக்கடை பெஞ்சில் அதன் இடத்தைக் காலியாகவே விட்டுவைத்து ஊர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தது. நேசையன்மேல் கோபம் இருந்தும் யாரும் சத்தம் போடவில்லை, பழக்கம் விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு சப்பென்று இருந்தது. பாட்டுக்காரர்கள் மூக்கை விரித்து விரித்துப் பார்த்துச் சுருதி தவறினார்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் நேசையன் வீட்டு வேலியில் வந்து நின்றார்கள், வேறு எங்கே போவது என்று தெரியாமல். அவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார், அதுவே ஊருக்கு ஒரு அதிசயம். காலடியில் புதுக் கருப்பட்டி. எறும்பு மொய்த்துக் கறுத்துக் கிடந்தது. பெருவிரலில் ஒன்று கடித்தது, அவர் அசையவில்லை.

முக்கில் மினி பஸ் ஹாரன் அடித்தது. வேலியில் நின்ற மூக்குகள் எல்லாம் பாதையைப் பார்த்து விரிந்தன. ஒன்றுமில்லை. ஞானாபரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கருப்பட்டியிலிருந்து ஒரு எறும்பு இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே வாயில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, ஒரு முழம் தள்ளிப் போய், இரண்டாகப் பிரிந்து, சுற்றி வளைந்து நடந்தன.

"என்ன ஓய்?" என்று வேலியிலிருந்து கத்தினார் ஞானாபரணம். "வந்துட்டா?"

நேசையன் தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் கீழே இறக்கி வைத்துக்கொண்டார்.

"சத்தம் போடாதேயும்," என்றார். "களைச்சு வந்திருக்கு."